வினாவும் செப்பும்: கணிப்பொறியின் கேள்விக்குக் கட்டளைக் கோவை விடை கூறுமாறு

கணிப்பொறியை இற்றை நாளிற் கையாளாத மாணவர் நம் கல்லூரியில் ஒருவரும் இலர். ஆயினும், அவருட் பெரும்பாலார் திரையிலுள்ள படங்களைத் தொட்டும் பொத்தான்களை அழுத்தியும் பணி கொள்வாரேயன்றி, அதனோடு எழுத்தினாலே உரையாடி ஏவல் கொள்வார் மிகச் சிலரே. அவ்வெழுத்துரையாடல் நிகழும் இடத்தைக் கட்டளை வரி என்பர். அவ்விடத்து நாம் ஒரு சொல்லை எழுதி எண்டர் விசையைத் தட்டினால், அச்சொல்லுக்குரிய நிரல் ஓடித் தன் பணியைச் செய்யும். நிரல்களுட் சில வாய் திறவாது பணியை முடித்து மீளும். வேறு சில இடையிடையே நின்று நம்மை வினாவும். 'எக்கோப்பைத் திறத்தல் வேண்டும்?', 'இப்பெயரால் முன்னரே ஒரு கோப்பு உளது, அதனை அழிக்கலாமா?', 'மறைச்சொல் யாது?' என்றாற் போல்வன அவ்வினாக்கள். ஒருமுறை இருமுறையாயின் அருகிருந்து விடை கூறலாம். நூறு கோப்புக்கு நூறு முறை அவ்வினாக்களே வருமாயின், விரலும் சலிக்கும், கண்ணும் சோரும், சோர்ந்த கண் பிழை செய்யும். ஆதலின், நம் பொருட்டுத் தானே விடையிறுக்குமாறு ஒரு கட்டளைக் கோவையை எழுதி வைப்பது எங்ஙனம், அதன்கண் உள்ள ஏதங்கள் யாவை என்பவற்றை இக்கட்டுரையில் ஆராய்வாம்.

தமிழ்ச் சிறப்பு வகுப்பில் பயிலும் மாணவனுக்கு இப்பொருளில் என்ன உரிமை என நண்பர் சிலர் வினவினர். உரிமை உண்டு என்பதே என் கருத்து. தொல்காப்பியர் சொல்லதிகாரத்தின் முதல் இயலாகிய கிளவியாக்கத்திலேயே, செப்பிலும் வினாவிலும் வழு நேராமற் காத்தல் வேண்டுமென விதித்தார். செப்பாவது விடை. ஊருக்கு வழி கேட்டானுக்கு நூலின் அளவைக் கூறுதலைச் செப்பு வழுவுக்கு எடுத்துக்காட்டாக உரையாசிரியர் தருவர். நன்னூலாரோ வினாவை அறிவு, அறியாமை, ஐயம், கொளல், கொடை, ஏவல் என அறுவகைப் படுத்தினார். கணிப்பொறி 'கோப்பின் பெயர் யாது?' என்பது அறியா வினா, 'மெய்யாகவே அழிக்கவா?' என்பது ஐய வினா. இவ்விரண்டுக்கும் ஒரே வகையாக விடை நிரப்பி வைப்பவன் செப்பு வழுவிற் சிக்குவான். இதனை யான் நூலிற் கற்றதோடு அமையாது பட்டும் அறிந்தேன். அது பின்னர் வரும்.

முதற்கண் இவ்வுரையாடலின் தோற்றத்தைச் சிறிது காண்பாம். அமெரிக்க நாட்டில் பெல் ஆய்வகத்தில் 1969-ஆம் ஆண்டில் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி முதலியோர் யூனிக்ஸ் என்னும் இயங்குதளத்தை ஆக்கத் தொடங்கினர். அக்காலத்துத் திரை அரிது. டெலிடைப் என்னும் தட்டச்சுப் பொறியே கணிப்பொறிக்கு வாயும் செவியுமாக இருந்தது. அவற்றுட் பெயர் பெற்ற 33-ஆம் மாதிரி நொடிக்குப் பத்து எழுத்துகளே அச்சிடும். அதனாற்போலும், அக்காலத்து நிரல்கள் பேச்சிற் சிக்கனம் பூண்டன. 'எட்' என்னும் கோப்புத் திருத்தி, நாம் பிழை செய்தால் '?' என்னும் ஒரே குறியை இட்டு வாளா இருக்கும். பிழை இன்னதென்று கூறாது. நம் ஆசிரியர் சிலர் விடைத்தாளின் ஓரத்தில் இடும் குறியும் இத்தகையதே. டெலிடைப்பின் பெயரைச் சுருக்கி 'டி.டி.ஒய்' என முனையத்தை வழங்கும் வழக்கு, அப்பொறிகள் காட்சிசாலை புக்க பின்னும் இன்றுகாறும் நிலைபெற்றுள்ளது.

யூனிக்ஸில் ஓடும் ஒவ்வொரு நிரலுக்கும் மூன்று வாயில்கள் திறந்து வைக்கப்படும். 0 என எண்ணிட்டது உள்ளீடு, 1 வெளியீடு, 2 பிழை கூறும் வாயில். இயல்பாக 0-ஆம் வாயில் விசைப்பலகையோடும், ஏனை இரண்டும் திரையோடும் இணைந்திருக்கும். நிரலோ தன் வாயிலின் மறுபுறம் இருப்பது யார் எனப் பெரும்பாலும் ஆராய்வதில்லை. எழுத்து வந்தாற் போதும். நம் தந்திரம் முழுதும் இவ்வொரு குணத்தையே பற்றுக்கோடாக உடையது. விசைப்பலகையைக் கழற்றிவிட்டு, ஒரு கோப்பையேனும் மற்றொரு நிரலின் வெளியீட்டையேனும் அவ்வாயிலிற் பொருத்திவிடலாம். ஒரு நிரலின் வெளியீட்டை மற்றொன்றின் உள்ளீட்டோடு இணைப்பதைக் குழாய் என்பர். தோட்டத்து நீர்க்குழாய்களைத் திருகி இணைப்பதுபோல நிரல்களை இணைத்தல் வேண்டுமென டக்ளஸ் மக்கில்ராய் என்பார் 1964-ஆம் ஆண்டிலேயே ஒரு குறிப்பு வரைந்தார்; 1973-ஆம் ஆண்டில் தாம்சன் அதனை ஓரிரவில் யூனிக்ஸில் அமைத்தார். குழாயின் குறி '|' என்னும் நெடுங்கோடு.

இக்கட்டளைகளை நம்மிடம் பெற்று நிரல்களை ஏவும் இடையாள் ஷெல் எனப்படும். ஸ்டீபன் போர்ன் இயற்றிய ஷெல் 1979-ஆம் ஆண்டில் ஏழாம் பதிப்பு யூனிக்ஸோடு வெளிப்போந்தது; பிரையன் ஃபாக்ஸ் 1989-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'பாஷ்' அதன் வழித்தோன்றல். பல கட்டளைகளை ஒரு கோப்பில் வரிசையாக எழுதி ஷெல்லிடம் கொடுத்தால் அதுவே கட்டளைக் கோவை. ஸ்கிரிப்ட் என்பதும் அது.

இனி, விடை நிரப்பும் வழிகளுள் மிக எளியதைக் கூறுவாம். 'யெஸ்' என்றே பெயரிய ஒரு நிரல் ஏழாம் பதிப்பு யூனிக்ஸ் முதலே உள்ளது. அஃது 'ஒய்' என்னும் எழுத்தை வரிக்கொன்றாக ஓயாது எழுதிக்கொண்டேயிருக்கும்; வேறொன்றும் அறியாது. அதனைக் குழாய் வழியே வினாவும் நிரலோடு இணைத்தால், கேட்கும் வினா ஒவ்வொன்றுக்கும் 'ஆம்' என்னும் விடை செல்லும். வினாவும் நிரல் முடிந்து தன் வாயிலை அடைத்தவுடன், குழாய் முறிந்தது என்னும் குறிப்பை இயங்குதளம் யெஸ்ஸுக்கு அனுப்ப, அதுவும் இறக்கும். வேண்டுமாயின் 'ஒய்' என்பதற்கு மாறாக வேறு சொல்லையும் ஓதுவிக்கலாம். எல்லாவற்றுக்கும் தலையசைக்கும் ஏவலாளன் எத்துணைப் பயனுடையனோ அத்துணைப் பயனுடையது இந்நிரல்.

விடைகள் பலவாகவும் வெவ்வேறாகவும் இருப்பின், அவற்றை ஒரு கோப்பில் வரிசையாக எழுதி, '<' என்னும் குறியால் நிரலுக்கு ஊட்டலாம். தனிக் கோப்பு வேண்டாவெனின், கட்டளைக் கோவையின் உள்ளேயே '<<' என்னும் இரட்டைக் குறியும் ஓர் எல்லைச் சொல்லும் இட்டு, அடுத்த வரி முதலாக விடைகளை எழுதி, இறுதியில் அவ்வெல்லைச் சொல்லைத் தனி வரியில் நிறுத்தினால் போதும். யான் 'முடிவு' என்னும் தமிழ்ச் சொல்லையே எல்லையாக இட்டேன். பாஷ் முகஞ்சுளியாது ஏற்றது. ஒன்று நினைவிற் கொள்க: விடைகளினுள் டாலர்க் குறி வருமாயின் ஷெல் அதனை மாறியின் பெயராகக் கொண்டு மாற்றிவிடும். அங்ஙனம் ஆகாமைக்கு முதலில் வரும் எல்லைச் சொல்லை மேற்கோட் குறிக்குள் அடைத்தல் வேண்டும்.

இதுகாறும் கூறியவற்றால், விடை தருவித்தல் எளிதே எனத் தோன்றும். ஆண்டுதான் இடர்.

நம்முட் பலர் ஞாயிற்றுப் பள்ளியில் வினாவிடை மனப்பாடம் செய்தவரே. வினாவைக் கேளாது விடைகளை மட்டும் வரிசையாக நெட்டுருப் பண்ணிய சிறுவனை நினைத்துப் பாருங்கள். உபதேசியார் முதல் வினாவிலிருந்து முறையே கேட்பாராயின், அவன் வகுப்பில் முதல்வன். அவர் இடையில் ஒரு வினாவை விட்டாலும், புதிதாக ஒன்று சேர்த்தாலும், அவன் விடைகள் யாவும் ஒருபடி வழுகிவிடும். 'உன்னைப் படைத்தவர் யார்?' என்பதற்குக் கற்பனைகளின் தொகையைச் சொல்லுவான். அவன் பொய்யன் அல்லன். அவன் சொன்னவை யாவும் மெய்யான விடைகளே. வினாக்களுக்கு உரியவை அல்ல என்பதே குறை. கோப்பில் வரிசையாக எழுதி ஊட்டிய விடைகளும் இச்சிறுவனே. வினாவை அவை கேட்பதில்லை.

நிற்க. நான் பட்டதைக் கூறுகிறேன். எம் துறையில் மூத்த மாணவர் பல்லாண்டுகளாகத் தொகுத்த தாலாட்டு, நடவுப்பாட்டு, ஒப்பாரி ஆகிய பாடல்கள், பாடினார் ஒருவர்க்கு ஒரு தொகுதியாக 42 தொகுதிகளில், கணிப்பொறியில் ஏற்றப்பட்டிருந்தன. அவற்றுட் பெரும்பகுதி திஸ்கி முதலிய பழைய எழுத்துக் குறிமுறைகளில் அமைந்தவை. அவற்றை யூனிகோடுக்கு மாற்றும் பணி என்னிடம் ஒப்புவிக்கப்பட்டது. கிடைத்த மாற்றி நிரலோ பழையது. ஒவ்வொன்றையும் கேட்டுக் கேட்டே செய்வது. 'மூலக் கோப்பு யாது? குறிமுறையின் எண் யாது? புதுக் கோப்பின் பெயர் யாது? இன்னும் கோப்பு உண்டா?' என நான்கு வினா. இறுதி வினாவுக்கு 'ஒய்' எனின் மீண்டும் முதலிலிருந்து தொடங்கும்; வேறு எது கூறினும் முடிந்துவிடும். யான் மூன்று தொகுதிகளைக் கையால் மாற்றிப் பார்த்து, வினாவின் ஒழுங்கைக் குறித்துக்கொண்டு, எஞ்சிய தொகுதிகளுக்கு விடைகளை வரிசையாக அச்சிட்டு ஊட்டும் ஒரு கட்டளைக் கோவையை எழுதினேன். திரையில் வினாக்கள் ஓடுவது கண்ணுக்கு இடையூறாக இருந்தமையின், வெளியீடு முழுவதையும் 'டெவ் நல்' என்னும் பாழ்ங்கிணற்றில் இறைத்துவிட்டேன். மாலையில் ஏவிவிட்டு விடுதிக்குச் சென்றேன்.

ஒன்பது தொகுதிகளில் சில பாடல்கள் முன்னரே யூனிகோடில் மாற்றப்பட்டு, பாடிய மூதாட்டியரை அருகிருத்திக் கேட்டுத் திருத்தப்பட்டிருந்தன என்பதும், அவற்றின் பெயரும் யான் இடவிருந்த புதுப்பெயரும் ஒன்றே என்பதும் அப்பொழுது எனக்குத் தெரியா. பெயர் முன்னரே இருப்பின் அம்மாற்றி ஐந்தாவதாக ஒரு வினாவை இடைச்செருகும்: 'இக்கோப்பு உளது, மேலெழுதலாமா?' என்பது அது. அவ்வினா எழுந்த கணத்தில் வரிசையில் நின்றது, 'இன்னும் கோப்பு உண்டா?' என்பதற்காக யான் வைத்த 'ஒய்'. அதனையே இசைவாகக் கொண்டு அந்நிரல் திருத்திய பாடலை அழித்துத் திருந்தாத பாடலை அவ்விடத்து எழுதிற்று. பின்னர் 'இன்னும் கோப்பு உண்டா?' எனக் கேட்டதற்கு, அடுத்த மூலக் கோப்பின் பெயர் விடையாகச் சென்றது. அஃது 'ஒய்' அன்மையின், பணி முடிந்தது எனக் கொண்டு நிரல் அமைதியாக வெளியேறிற்று. பிழை என ஒரு சொல்லும் இல்லை. சொல்லியிருப்பினும் அது கிணற்றில் விழுந்திருக்கும்.

ஒரு தொகுதியில் மட்டும் திருத்திய பாடல் கடைசிக் கோப்பாக நின்றமையால், அதற்கு வரிசையில் இருந்த விடை 'என்' ஆயிற்று; 'வேண்டா' என்னும் பொருளுடைய அவ்வெழுத்தால் அது பிழைத்தது. அறிவால் அன்று, இடத்தால் தப்பியது. ஏனை எட்டும் போயின. மூன்றுக்கு அச்சுப் படி அகப்பட்டது. மூன்றனுக்குப் பாடினாரை மீண்டும் சென்று கண்டோம். அவர்கள் சினவாது மீண்டும் பாடினர். எஞ்சிய இரண்டையும் பாடியவர்கள் இறந்துவிட்டனர். ஒலிப்பதிவு உண்டு, எனினும் பதிவில் தெளியாத சொற்களைக் கேட்டு நிரப்பியதே அத்திருத்தத்தின் பயன். அச்சொற்கள் இப்பொழுது யார் வாயிலும் இல்லை.

இவ்வகை இடர் என் போன்ற கற்றுக்குட்டிகளுக்கே உரியதன்று. வட்டினைப் பகுக்கும் 'எஃப்டிஸ்க்' என்னும் நிரலுக்கு விடைகளைக் குழாய் வழி ஊட்டும் கோவைகள் பல நாடுகளிலும் வழங்குகின்றன. புதுப் பகுதி, முதன்மை வகை, எண் ஒன்று, இயல்பான தொடக்கம், இயல்பான முடிவு, எழுதுக என்னும் விடைகளை ஒவ்வோர் எழுத்தாக அடுக்குவர். வெற்று வட்டில் இது நன்கு நடக்கும். வட்டில் பழைய கோப்பமைப்பின் அடையாளம் எஞ்சியிருப்பின், பிற்காலப் பதிப்புகள் 'அவ்வடையாளத்தை நீக்கவா?' என இடையில் ஒன்று வினாவும். அவ்வளவே, வரிசை வழுகிவிடும். இக்குறையை அறிந்தே, வினாவாது செய்திகளை மட்டும் பெற்றுப் பகுக்கும் 'எஸ்எஃப்டிஸ்க்' என்னும் உடன்பிறப்பை அந்நிரலோடு சேர்த்தே வழங்கியுள்ளனர்.

ஆதலின், விடையைத் தானியங்கச் செய்யப் புகுவான் முதலிற் செய்யத்தக்கது, அந்நிரலுக்கு வினாவாது பணி செய்யும் முறை உண்டா என அதன் கையேட்டிற் பார்த்தல். பெரும்பாலும் உண்டு. டெபியன் இயங்குதளத்தில் மென்பொருள் நிறுவும் 'ஆப்ட்-கெட்' என்பதற்கு 'ஒய்' என்னும் விருப்பக்குறி உண்டு. கோப்பழிக்கும் 'ஆர்.எம்' என்பதை 'ஐ' குறியோடு வினாவச் செய்து, யெஸ்ஸைக் கொண்டு விடையும் அளிப்பார் உளர். வினாவே வேண்டாவெனின் 'எஃப்' குறியே அமையும். நிரல் மனிதனை வினாவியே தீர்வேன் என அடம்பிடித்தல் ஆகாது என்னும் கருத்தை, 1978-ஆம் ஆண்டில் பெல் ஆய்வகத்தின் தொழில்நுட்ப இதழில் மக்கில்ராயும் அவர் தோழரும் நிரல் இயற்றுவோர்க்கு வற்புறுத்தினர். என் மாற்றியை இயற்றியவர் அதனைப் படித்திலர் போலும். யானும் அதன் கையேட்டைப் படித்திலேன் என்பதையும் ஒப்புக்கொள்ளுதல் வேண்டும்.

இனி, விடையைக் குழாய் வழி ஏலாத நிரல்களும் உள. மறைச்சொல் கேட்பன பெரும்பாலும் இவ்வகையின. தொலைவிலுள்ள கணிப்பொறியில் நுழைவிக்கும் 'எஸ்.எஸ்.எச்' என்பதற்கு மறைச்சொல்லைக் குழாயில் ஊற்றிப் பாருங்கள். அது கண்டுகொள்ளாது முனையத்தை நோக்கியே வினாவும். எங்ஙனமெனின், 0-ஆம் வாயிலை விடுத்து, 'டெவ் டி.டி.ஒய்' என்னும் பெயரால் முனையத்தையே நேரே திறந்து படிக்கும். 0-ஆம் வாயிலில் வேறு பொருள் ஓடிக்கொண்டிருக்கலாம். அதன் நடுவே மறைச்சொல்லைத் தேடுதல் இயலாது. அன்றியும் மறைச்சொல்லை மனிதன் கையாலேயே பெறுதல் நன்று என்பது அவர் கருத்து.

குழாய்க்கு மற்றொரு குறையும் உண்டு. வினாவைக் கண்டு விடை கூறுவோம் என்று, வெளியீட்டையும் குழாயில் வாங்கிப் படித்துக் காத்திருப்போமாயின், வினா வரவே வராமற் போகலாம். சி மொழியின் நூலகம், வெளியீடு முனையத்திற்குச் செல்லுமாயின் வரிக்கு வரி அனுப்பும். குழாய்க்குச் செல்லுமாயின் ஒரு தொட்டியில் நிரப்பி, நிறைந்த பின்னரே ஊற்றும். வினாவோ ஒரு சிறு வரி, தொட்டி நிறையாது. நம் கோவை வினாவுக்குக் காத்திருக்கும். நிரல் விடைக்குக் காத்திருக்கும். விருந்துக்கு வந்த இரு பெரியோர் வாயிலில் நின்று 'தாங்கள் முன்னே செல்லுங்கள்' என ஒருவரை ஒருவர் உபசரித்துக்கொண்டு இருவரும் உட்புகாமை போன்றது இது. விடிந்தாலும் தீராது.

இவ்விரு குறைகளையும் ஒருங்கே தீர்ப்பது போலி முனையம். யூனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்களில், மெய்யான முனையம் போலவே ஒழுகும் ஒரு பொய் முனையத்தை ஒரு நிரல் அமைத்து, அதன் மறுபுறத்தே வேறொரு நிரலை அமர்த்தலாம். அமர்ந்த நிரல், மனிதன் முன்னர் இருக்கிறோம் எனவே நம்பும்; வரிக்கு வரி வினாவும்; மறைச்சொல்லையும் பெறும். இவ்வசதியைக் கொண்டு, அமெரிக்க அரசினரின் தேசியத் தர நிறுவனமாகிய நிஸ்டில் பணிபுரிந்த டான் லிப்ஸ் என்பார் 1990-ஆம் ஆண்டில் 'எக்ஸ்பெக்ட்' என்னும் கருவியை வெளியிட்டார். ஜான் ஆஸ்டர்ஹவுட் இயற்றிய 'டி.சி.எல்' என்னும் சிறுமொழியின் மேல் கட்டப்பட்டது அது.

எக்ஸ்பெக்டில் தலையாய சொற்கள் நான்கு. 'ஸ்பான்' என்பது நிரலைப் போலி முனையத்தில் ஏவும். 'எக்ஸ்பெக்ட்' என்பது குறித்த தொடர் வெளியீட்டில் வருந்துணையும் காத்திருக்கும். 'செண்ட்' என்பது விடையை அனுப்பும். 'இன்டராக்ட்' என்பது உரையாடலை நம் கையில் ஒப்புவித்துத் தான் விலகி நிற்கும். இவற்றுள் இரண்டாவதே இக்கருவிக்குப் பெயர் கொடுத்தது, அதுவே சிறப்புடையது. ஒரே இடத்தில் பல தொடர்களைக் குறித்து, 'இஃது வரின் இவ்விடை, அஃது வரின் அவ்விடை' எனக் கிளை பிரிக்கலாம். ஆகவே வரிசை மாறினும் இடையில் ஒன்று புகுந்தாலும் விடை வழுகாது. மேற்சொன்ன சிறுவன் இப்பொழுது வினாவைக் கேட்டுத்தான் வாய் திறக்கிறான்.

எனினும், இதனிடத்தும் விழிப்பு வேண்டும். குறித்த தொடர் வாராதாயின் எக்ஸ்பெக்ட் இயல்பாகப் பத்து நொடி காத்திருக்கும். காலம் கடந்தால் என்செய்வது என நாம் எழுதாவிடின், ஒன்றும் நேராததுபோல அடுத்த வரிக்குச் சென்று விடையை அனுப்பிவிடும். பழைய இடரே புதுவழியில் வந்து நிற்கும். ஆகவே 'டைம்அவுட்' என்னும் கிளையை ஒவ்வோரிடத்தும் எழுதி, அவ்விடத்துப் பணியை நிறுத்துதல் வேண்டும். நிரல் முடிந்துபோனதைக் காட்டும் 'இ.ஓ.எஃப்' கிளையும் அங்ஙனமே. அனுப்பும் விடையின் இறுதியில் எண்டர் விசைக்கு ஈடாகப் பின்சாய்கோட்டையும் 'ஆர்' எழுத்தையும் இடுதல் வேண்டும். இதனை மறந்து, விடை சென்றும் நிரல் அசையவில்லையே என ஒரு பிற்பகல் முழுதும் மயங்கினேன். எதிர்நோக்கும் தொடர் மிகக் குறுகியதாயின், நாம் அனுப்பியதே எதிரொலியாக முனையத்தில் மீண்டு வந்து அதனோடு பொருந்திவிடலும் கூடும். ஆதலின் வினாவிலுள்ள தனிச்சிறப்பான சொல்லையே குறித்தல் நன்று.

நாம் ஒருமுறை கையால் உரையாடுவதைப் பார்த்திருந்து கோவையைத் தானே எழுதித் தரும் 'ஆட்டோஎக்ஸ்பெக்ட்' என்பதும் உண்டு. தொடக்கத்திற்கு உதவும். ஆனால், அன்றைத் தேதி திரையில் வந்திருப்பின், நாளையும் அதே தேதி வரும் என எழுதிவைக்கும் பேதைமை அதற்குண்டு. அதனைத் திருத்தாது பயன்படுத்தலாகாது. பைத்தான் மொழியை விரும்புவார்க்குப் 'பெக்ஸ்பெக்ட்' என்னும் நூலகம் இதே பணியைச் செய்யும்.

மறைச்சொல்லைப் பற்றி ஒரு சொல். எக்ஸ்பெக்டால் மறைச்சொல்லையும் அனுப்பலாம் என்பதனால், அதனைக் கோவையிலேயே எழுதிவைப்பார் பலர். கோவையைப் படிக்கத்தக்கவர் எல்லாரும் அதனையும் படிப்பர். கட்டளையின் உறுப்பாக எழுதினாலோ, 'பி.எஸ்' என்னும் கட்டளையால் ஓடும் நிரல்களைப் பட்டியலிடும் பிறர் கண்ணிலும் அது படலாம். எஸ்.எஸ்.எச் போன்றவற்றுக்குத் திறவுகோல் இணையை ஆக்கி, மறைச்சொல் இன்றியே நுழையும் வழியே சிறந்தது. வேறு வழியில்லையெனின், உடையவன் ஒருவனே படிக்குமாறு காவலிட்ட தனிக்கோப்பில் வைத்தல் வேண்டும்.

இன்னும் ஒரு மறைபொறியைக் காட்டி முடிப்பேன். இது வினாவே எழுப்பாது விடையைத் திருடுவது. கோப்புப் பெயர்களை ஒரு பட்டியலாக எழுதி, 'ஒயில் ரீட்' என்னும் சுழற்சியால் ஒவ்வொன்றாகப் படித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிரலை ஏவுவது வழக்கம். அவ்வாறு ஏவப்பட்ட நிரலும் அப்பட்டியலையே தன் 0-ஆம் வாயிலாகப் பெறும். எஸ்.எஸ்.எச் ஆயின் முதல் சுற்றிலேயே பட்டியல் முழுவதையும் விழுங்கிவிட, சுழற்சி ஒரு பெயரோடு நின்றுவிடும். ஒலிக்கோப்புகளை மாற்றும் 'எஃப்.எஃப்.எம்பெக்' ஆயின், ஓடும்போதே விசைக் கட்டளை வருமா எனப் பார்க்கும் வழக்கமுடைமையால் சில எழுத்துகளைக் கடித்துக்கொள்ளும். அடுத்த பெயர் தலையிழந்து வரும். எம் ஒப்பாரிப் பதிவுகளை மாற்றுங்கால், 'அப்படி ஒரு கோப்பு இல்லை' என்னும் செய்தியில் முதலெழுத்துகள் குறைந்த பெயர்களைக் கண்டு, பட்டியலை எழுதியவனையே முதலிற் குறை கூறினேன், எழுதியவன் யானே. எஸ்.எஸ்.எச்சுக்கு 'என்' என்னும் குறியும், மற்றதற்கு 'நோஸ்ட்டின்' என்னும் குறியும் இடுதல் தீர்வு. எந்நிரலாயினும், அதன் உள்ளீட்டை டெவ் நல்லிலிருந்து தருதல் பொதுத் தீர்வு. வெளியீட்டை அக்கிணற்றிற் கொட்டிக் கெட்ட யான், உள்ளீட்டை அதிலிருந்து இறைத்து நன்மை பெற்றேன்.

எம் பாடல்களுக்கு இப்பொழுது ஓர் எக்ஸ்பெக்ட் கோவையை எழுதியுள்ளேன். ஏவுமுன் 42 தொகுதிகளையும் வேறு வட்டிற் படியெடுத்தேன். உரையாடல் முழுவதும் ஒரு குறிப்பேட்டுக் கோப்பில் பதிவாகிறது. நான்கு வினாவுக்கும் கோவையே விடை கூறும். 'மேலெழுதலாமா?' என்னும் ஐந்தாவது வந்தால் மட்டும் ஒரு மணியொலி எழுப்பி, இன்டராக்ட் என்பதால் உரையாடலை என் கையில் விட்டுவிடும். சென்ற மாதம் ஓட்டியபோது பதினேழாந் தொகுதியில் மணி ஒலித்தது. பாடியவர் பெயரையும் கோப்பின் தேதியையும் ஒப்புநோக்கினேன். திருத்திய படியே உள்ளே இருந்தது. 'என்' எனத் தட்டி, எஞ்சிய தொகுதிகளைக் கோவையிடம் மீட்டும் ஒப்புவித்தேன்.